வைகாசியும் இல்லை, ஆனியும் இல்லை

மேலகரத்துச் சுகந்தியிடம் "அதெல்லாம் முடியாது" என்று சொல்லிவிட்டு யாரும் லேசில் நழுவிவிட முடியாது. "ஏன் முடியாது?" என்று கேட்பாள். ஒழுங்கான பதில் வந்தால் கேட்டுக்கொள்வாள். "அது அப்படித்தான்" என்றால் அத்தோடு சண்டைதான்.

இருபத்திரண்டு வயதில் தென்காசி ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவில் வேலைக்கு நின்றாள். உண்மையாகவே நின்றாள். காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பதரை வரை அங்கே பெண்பிள்ளைகள் உட்காரக் கூடாது. ஒருநாள் மேற்பார்வை பார்க்கிறவரிடம், "ஆளே இல்லாத நேரத்துல உக்காந்தா என்ன அண்ணாச்சி?" என்று கேட்டாள். அவர் அது அப்படித்தான் என்றார். அந்த மாதச் சம்பளத்தோடு கடைக்கு ஒரு கும்பிடு போட்டாள். "இனி உக்காந்து பாக்குத வேலைதான் பாப்பேன்" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு ஆட்டோ ஓட்டப் படித்தாள். பன்னிரண்டு வருஷமாகத் தென்காசி பழைய பேருந்து நிலையத்துக்கும் ஐந்தருவிக்கும் நடுவே காக்கிச் சட்டை போட்டு உட்கார்ந்தபடி சம்பாதிக்கிறாள்.

அப்பா குத்தாலிங்கம் அவள் பத்தாவது படிக்கும்போதே போய்விட்டார். வீட்டுக்குத் தலைச்சன் அவள்தான். தங்கையைக் கட்டிக்கொடுத்தாள், தம்பியை டிப்ளமோ படிக்கவைத்துத் திருப்பூருக்கு அனுப்பினாள். நிமிர்ந்து பார்த்தபோது முப்பத்து நாலு வயது ஆகியிருந்தது. அவள் கல்யாணத்தைப் பற்றிக் கவலைப்பட ஊரில் ஆளுக்குப் பஞ்சமில்லை, மாப்பிள்ளை பார்க்கத்தான் யாருமில்லை.

அந்தச் சமயத்தில்தான் நிதாய் மண்டல் டைல்ஸ் அறுக்கிற மிஷினைத் தோளில் வைத்துக்கொண்டு அவள் வண்டியை மறித்தான்.

"சீட்டு கிழிஞ்சிரும். ஏத்த முடியாது."

"ஏன்க்கா முடியாது? அடியில சாக்கு விரிச்சி வச்சிருக்கேம்லா?"

தன் கேள்வியைத் தன்னிடமே கேட்ட ஆளை அவள் அன்றுதான் பார்த்தாள். அதுவும் இப்படி ஒரு திருநெல்வேலிப் பேச்சில், வங்காள முகத்தோடு. மிஷின் ஏறியது. அவனுக்கு ஊர் பாங்குடா மாவட்டத்தில் ஒரு கிராமம். தென்காசிக்கு வந்து ஒன்பது வருஷம். குற்றாலத்து லாட்ஜ் குளியலறைகளில் பாதி அவன் கைவேலை. அவனும் வீட்டுக்கு மூத்தவன், அவனுக்கும் அப்பா இல்லை, அவனும் தங்கைகளைக் கரையேற்றிவிட்டுத் தனியாக நின்றவன். அவளை அக்கா என்று கூப்பிட்ட பழக்கத்தை விட அவனுக்கு எட்டு மாதம் ஆனது. அதை நினைத்து அவன் இன்றைக்கும் தலையில் அடித்துக்கொள்வான்.

அவனைத்தான் கட்டிக்கொள்வேன் என்று சுகந்தி சொன்னதும் அவள் அம்மா பேச்சித்தாய் இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து பார்த்தாள். மூன்றாம் நாள், மகள் மசியமாட்டாள் என்று தெரிந்ததும் ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்.

"ஓடிப்போன கணக்கா நடக்கப்படாது. அவன் அம்மா சம்மதிக்கணும். அவிய வந்து நின்னு நடத்தணும். இல்லன்னா நான் தலைகாட்ட மாட்டேன்."

சுகந்திக்கும் அது நியாயமாகவே பட்டது. நிதாய் பங்குனி மாதத்தில் ஊருக்குப் போன் போட்டான். அம்மா சந்தோஷமாகத்தான் பேசினாள், பெண்ணின் போட்டோ கேட்டாள், "பாலோ, பாலோ" என்றாள். நல்லது, நல்லது என்று அர்த்தம். உடனே இங்கே நாள் பார்த்தார்கள். ஆனி பிறந்தால் குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிடும், மண்டபம் கிடைக்காது. வைகாசி பதினெட்டு, நல்ல முகூர்த்தம். மண்டபத்தைப் பேசி முடித்தார்கள். நிதாய் அம்மாவுக்கு மறுபடி போன் போட்டு, ஜூன் மாதம் ஒன்றாம் தேதி கல்யாணம் என்றான்.

"ஹொபே நா" என்றாள் அம்மா. நடக்காது என்று அர்த்தம். போனை வைத்துவிட்டாள்.

மறுநாளும் அதே ஹொபே நா. அதற்கு மறுநாள் எடுக்கவே இல்லை. நிதாய் கெஞ்சினான், அழுதான், ஊரில் இருக்கிற தங்கையை விட்டுப் பேசச் சொன்னான். அந்த அம்மாள் அசையவில்லை.

"என்ன சொல்லுதாவ?" என்று சுகந்தி கேட்டாள்.

"ஒண்ணும் சொல்லல. நடக்காதுங்குதாவ. உன்னப் பிடிக்கல போல."

"ஏன்னு கேட்டீங்களா?"

நிதாய் கேட்டிருக்கவில்லை. அவன் வீட்டில் அம்மாவிடம் ஏன் என்று கேட்கிற வழக்கம் இல்லை. அம்மா நடக்காது என்றால் காலில் விழலாம், சாப்பிடாமல் கிடக்கலாம், கேள்வி கேட்கக் கூடாது. ஊர் உலகத்தையெல்லாம் ஏன் என்று கேட்ட சுகந்தி, தன் வாழ்க்கை தொங்கிக்கொண்டிருந்த இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கேட்கும் வேலையை இன்னொருவரிடம் விட்டிருந்தாள். அது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது, தன் மேலேயே கோபம் வந்தது.

சித்தப்பா சண்முகநாதனுக்கு உள்ளூரச் சந்தோஷம். ஆலங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கிற, மனைவியை இழந்த ஒருவரை அவர் ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தார். "சித்திரை முடிய மட்டும் பொறுக்கேன். அதுக்குள்ள அந்தம்மா சம்மதம் வரலன்னா நான் சொல்லுத இடத்துக்குக் கழுத்த நீட்டணும்" என்றார். பேச்சித்தாய் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"நானே பேசுதேன் அவியகிட்ட" என்றாள் சுகந்தி.

"எந்தப் பாஷையிலட்டி?" என்றார் சித்தப்பா.

"அவிய பாஷையிலதான்."

அவளுக்கு அப்போது தெரிந்த வங்காளம் ஒரே ஒரு வார்த்தை: சொலோ. அரிசி ஆலையில் வேலை பார்க்கிற வங்காளப் பையன்கள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்ததும் ஒருவரையொருவர் பார்த்து "சொலோ, சொலோ" என்பார்கள். வா, போவோம் என்று அர்த்தம். கிளம்பலாம் என்று தனக்குத்தான் சொல்கிறார்கள் என எண்ணி அவளும் கிளம்பிவிடுவாள், அதில் தவறு வந்ததில்லை. ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு மாமியாரிடம் வாதாட முடியுமா? மாலதியைப் பிடித்தாள்.

மாலதி, நிதாயோடு வேலை செய்கிற ஒருவனின் மனைவி. இருபத்து நாலு வயசு. எட்டு பேருக்குச் சமைத்துப் போடுவாள், வாரத்தில் மூன்று நாள் சுகந்தியின் வண்டியில்தான் காய்கறி வாங்கப் போவாள். சுகந்தியைத் தீதி என்பாள், அதாவது அக்கா. பொறுமை என்பது மருந்துக்கும் கிடையாது. ஒரு வார்த்தையைத் தப்பாகச் சொன்னால் வண்டியின் கம்பியில் டங்கென்று அடிப்பாள்.

"கேமோன் ஆச்சேன். சொல்லு தீதி."

"கேமோன் ஆச்சேன்."

"எப்படி இருக்கீங்க. அவங்க கேட்டா நீ சொல்லணும், பாலோ ஆச்சி."

"ஆச்சியா? எந்த ஆச்சி?"

டங்.

வீட்டுச் சுவரில் மாட்டியிருந்த தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் கிழித்த தாளைச் சுகந்தி குப்பையில் போடவில்லை. அதன் பின்பக்கத்தில் அன்றைக்குப் படித்த வார்த்தைகளைத் தமிழ் எழுத்தில் எழுதி, காக்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டாள். முன்பக்கம் ராகுகாலம், எமகண்டம், சூலம். பின்பக்கம், சாப்பிட்டீர்களா, மழை பெய்ததா, கால் வலி எப்படி இருக்கிறது. புலியருவிக்குச் சவாரி ஏற்றிப் போய்க் காத்திருக்கும் நேரத்தில் எடுத்து வைத்து முணுமுணுப்பாள். குளிக்க வந்தவர்கள் ஏதோ மந்திரம் என்று நினைத்து ஒதுங்கிப் போனார்கள்.

வங்காளத்தில் கிளம்புகிறவர்கள் போகிறேன் என்று சொல்லமாட்டார்களாம். "ஆஷி" என்பார்களாம், வருகிறேன் என்று. அதை மாலதி சொன்னபோது சுகந்தி சிரித்தாள். போயிட்டு வாறேன் என்று சொல்லாமல் யாராவது வாசல் இறங்கினால் பேச்சித்தாய் அவர்களைத் திரும்ப உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்து அனுப்புவாள். ஆயிரத்து ஐந்நூறு மைலுக்கு அப்பால் இருக்கிற இன்னொரு அம்மாவுக்கும் அதே பயம்தான் போலிருக்கிறது.

"பெத்த பொண்ண நாங்க 'மா'ன்னுதான் கூப்பிடுவோம் தீதி" என்றாள் மாலதி ஒருநாள். "மருமகளையும் அப்படித்தான். ஆனா மனசுக்குப் பிடிச்சாத்தான். அந்தம்மா உன்னை ஒருநாள் 'மா'ன்னு கூப்பிட்டுட்டா, முடிஞ்சுது."

சித்திரை முதல் நாள் மாலதிக்குச் சுகந்தி பாயசம் கொண்டுபோய்க் கொடுத்தாள். மாலதி குடித்துவிட்டு, "எங்களுக்கு வருஷப் பிறப்பு நாளைக்கு" என்றாள். நமக்குச் சித்திரை பிறந்த மறுநாள் அவர்களுக்குப் பொய்ஷாக் பிறக்கிறது. சுகந்திக்கு வாசல் தென்பட்டது. மறுநாள் மத்தியானம் இரண்டு மணிக்கு, ஸ்டாண்டில் வண்டிகள் தூங்குகிற நேரத்தில், நிதாயின் அம்மாவுக்குத் தன் போனிலிருந்து அடித்தாள். எடுத்தார்கள்.

"நொமோஷ்கார் மாஷிமா. ஷுபோ நொபோபோர்ஷோ. நான் சுகந்தி."

வணக்கம் பெரியம்மா, புத்தாண்டு வாழ்த்து என்று அர்த்தம். அவள் பதினாறு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்ட வாக்கியம். அந்தப் பக்கம் ஒரு கோழி கொக்கரித்தது. பிறகு அந்தக் குரல், "ஷுபோ நொபோபோர்ஷோ" என்றது. சாப்பிட்டாயா என்று கேட்டது. சுகந்தி, சாப்பிட்டேன், நீங்கள் சாப்பிட்டீர்களா என்றாள். அதோடு கையிருப்பு தீர்ந்துபோனது. "ஆஷி, மாஷிமா" என்று வைத்துவிட்டாள். சட்டை முதுகெல்லாம் நனைந்திருந்தது.

அதற்குப் பிறகு தினமும் இரண்டு மணி. மகன் கூப்பிட்டால் எடுக்காத அம்மாள் சுகந்தி கூப்பிட்டால் எடுத்தாள். மாடு, மழை, கால் வலி, குளத்து மீன். ஆனால் ஒருநாளும் அவளைப் பெயர் சொல்லியோ வேறு எப்படியுமோ கூப்பிடவில்லை. கல்யாணப் பேச்சைத் தொடவும் இல்லை. சுகந்தியும் தொடவில்லை. கேட்பது சுலபம், பதில் வந்தால் புரிய வேண்டுமே என்று மாலதி சொல்லியிருந்தாள். ஏன் என்பதற்கு வங்காளத்தில் கேனோ. அந்தத் தாளை அவள் தனியாக மடித்து வைத்திருந்தாள்.

சித்திரை பதினாறு அன்று, இனிமேல் பொறுக்க முடியாது என்று அதை எடுத்தாள்.

"மாஷிமா. பியே ஹொபே நா. கேனோ?"

கல்யாணம் நடக்காது. ஏன்?

அந்தப் பக்கம் மடை திறந்துகொண்டது. இத்தனை நாள் அடக்கி வைத்திருந்ததெல்லாம் வந்தது. கோபம் இருந்தது, நடுவில் அழுகையும் இருந்தது. வந்த வெள்ளத்தில் சுகந்தி மூன்று வார்த்தைகளைத்தான் பிடித்தாள். பொரோ சேலே. அது தெரியும், மூத்த மகன். போய். அது பயம். மூன்றாவது புதுசு, ஆனால் திரும்பத் திரும்ப வந்தது: ஜோய்ஷ்டோ, ஜோய்ஷ்டோ. மூன்றையும் அன்றைய தாளில் கிறுக்கிக்கொண்டு, ஸ்டாண்டில் தன் முறை வந்ததைக்கூடப் பாராமல் வண்டியை நேரே மாலதி வீட்டுக்கு விட்டாள்.

மாலதி அந்தத் தாளைப் பார்த்தாள். டங்கென்று அடிக்கக் கம்பி இல்லாததால் தன் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"கல்யாணம் ஜோய்ஷ்டோ மாசத்துலயா வச்சிருக்கீங்க? நிதாய் அண்ணன் மூத்த பையன்ல? மூத்த பையனுக்கு ஜோய்ஷ்டோல பண்ணக் கூடாது தீதி. பையனுக்கு ஆகாது. சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியுமே!"

சின்னப் பிள்ளைக்குத் தெரிந்தது நிதாய்க்குத் தெரியவில்லை. ஒன்பது வருஷமாக இங்கிலீஷ் தேதியில் வேலைக்குப் போய் இங்கிலீஷ் தேதியில் சம்பளம் வாங்கியவன், ஜூன் ஒன்று என்றால் அம்மாவின் பஞ்சாங்கத்தில் என்ன மாதம் என்று யோசிக்கவே இல்லை. அங்கே அந்த அம்மாளோ, மகனுக்குத் தெரியாமல் இருக்கும் என்று நினைக்கவே இல்லை. தெரிந்தே செய்கிறான், தன் பயத்தைக் கால்தூசிக்கு மதிக்கவில்லை, பெண் வீட்டார் சொல்லிக்கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக் குமைந்துபோயிருந்தாள். அவளுக்குச் சுகந்தியைப் பிடிக்காமல் இல்லை. மகன் செத்துப்போவானோ என்று பயந்திருந்தாள், அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் சுகந்தி சுவரிலிருந்து காலண்டரைக் கழற்றித் தரையில் வைத்துச் சித்தப்பாவையும் அம்மாவையும் நிதாயையும் சுற்றி உட்காரவைத்தாள். மாலதியும் வந்தாள்.

"வைகாசி வேண்டாம். நம்ம வைகாசிதான் அவியளுக்கு ஜோய்ஷ்டோ. அப்ப ஆனியில வைப்போம்" என்றாள்.

"ஆனியிலயா?" சித்தப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டும் தலைச்சன். தலைச்சனுக்குத் தலைச்சன் ஆனியில முடிக்கப்படாது. தெரியாதா உனக்கு? உயிருக்கு ஆகாது."

சுகந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"என்னட்டி சிரிப்பு?"

"அந்தம்மா சொன்னதும் இதேதான் சித்தப்பா. வார்த்தைக்கு வார்த்தை இதேதான். மாசம்தான் ஒண்ணு முந்தி. இத்தன நாளா அவியள என்னெல்லாம் பேசுனீங்க!"

சித்தப்பாவுக்கு முகம் எப்படியோ ஆகிவிட்டது. மனுஷர் உரக்கடைக்காரரை அந்த நிமிஷம் மறந்துவிட்டார் என்றே சொல்ல வேண்டும். தன்னைப் போலவே பஞ்சாங்கத்துக்குப் பயந்த ஒரு சம்பந்தி கிடைத்துவிட்டாளே! "அது முறை தெரிஞ்ச குடும்பம்" என்று மெல்லச் சொல்லிக்கொண்டார்.

ஆடி நமக்கு ஆகாது. ஆவணி நமக்கு நல்ல மாதம், ஆனால் அது அவர்களுக்குப் பாத்ரோ, பாத்ரோவில் கல்யாணமே கிடையாது என்றாள் மாலதி. புரட்டாசியை இருவருமே தள்ளினார்கள். ஐப்பசிக்கு மாலதி தலையை ஆட்டினாள். கார்த்திகைக்கு வந்தபோதுதான் இரண்டு பக்கமும் மூச்சுவிட்டது.

"அப்ப கார்த்திகைதான். ஏழு மாசம் பொறு" என்றாள் பேச்சித்தாய்.

"பொறுக்கலாம்" என்றான் நிதாய்.

"பொறுக்க மாட்டேன்" என்றாள் சுகந்தி. "பன்னெண்டு வருஷமா ஊர்ல உள்ள பொண்ணு மாப்பிள்ளையெல்லாம் என் வண்டியில ஏத்தி இறக்கியாச்சு. ஏழு மாசத்துல இன்னும் எத்தன பேரு வந்து என்னென்ன சொல்லுவாங்களோ! நாளு இருக்கு. இந்தா."

காலண்டரை முன்னால் தள்ளவில்லை, பின்னால் தள்ளினாள். சித்திரை இன்னும் முடியவில்லை. இருபத்தெட்டாம் தேதித் தாளில் சுபமுகூர்த்தம் என்று சிவப்பில் அச்சடித்திருந்தது. அவர்களுக்கு அது பொய்ஷாக் இருபத்தேழு, கல்யாண மாதம். இடையில் பன்னிரண்டு நாள் இருந்தது. மண்டபம் இல்லாவிட்டால் இலஞ்சி குமாரர் கோயில் இருக்கிறது, சாப்பாட்டுக்கு வீட்டு வாசலில் பந்தல் இருக்கிறது. ஒவ்வொருவரும் சொன்ன முடியாதுக்கு அவள் ஒவ்வொரு ஏன் கேட்டாள், ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். கடைசியில் பேச்சித்தாய் மட்டும் அசையவில்லை.

"எல்லாம் சரி. அந்தம்மா வரணும். வரலன்னா கார்த்திகைதான். அதுல மாத்தமில்ல."

நிதாயின் அம்மா பாங்குடா டவுனைத் தாண்டிப் போனதே இல்லை. பன்னிரண்டு நாளைக்குள் அவள் ரயிலேறி, இரண்டு நாள் பிரயாணம் செய்து, தெரியாத ஊரில் வந்து இறங்க வேண்டும். "வர மாட்டாவ" என்றான் நிதாய். மறுநாள் இரண்டு மணிக்குச் சுகந்தி போனை எடுத்தாள்.

"மாஷிமா, ஜோய்ஷ்டோ நா. பொய்ஷாக். பொய்ஷாக் இருபத்தேழு. ஆப்னி ஆஷுன்."

நீங்கள் வாருங்கள். அந்தப் பக்கம் பஞ்சாங்கம் புரளும் சத்தம் கேட்டது. வாய்க்குள் எண்ணுவதும் கேட்டது. நாள் சரியாக இருந்திருக்க வேண்டும், குரல் இளகியது. ஆனால் வருகிறேன் என்று சொல்லவில்லை. "தேகி" என்றாள். பார்ப்போம்.

நம் ஊரில் பார்ப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று சுகந்திக்குத் தெரியும். வங்காளத்திலும் அதே அர்த்தம்தானா என்று மாலதியிடம் கேட்டாள். மாலதி குனிந்து வெங்காயம் உரித்தாள்.

அடுத்த நாளும் ஆஷுன் என்றாள். தேகி. அதற்கடுத்த நாளும் தேகி. காலில் வலி, மாட்டை யார் பார்ப்பது, ரயிலில் எப்படி ஏறுவது. ஒவ்வொன்றுக்கும் சுகந்தி வார்த்தை தேடிப் பதில் சொன்னாள். மாட்டைத் தங்கை பார்ப்பாள். கேரளாவுக்கு வேலைக்கு வருகிற ஊர்ப் பையன்கள் இரண்டு பேர் கூட வருவார்கள், நிதாய் பேசிவிட்டான். திருநெல்வேலியில் மகன் வந்து நிற்பான். தென்காசியில் நான் வண்டியோடு நிற்பேன். தேகி என்றாள் அம்மாள்.

இங்கே கோயிலில் எழுதிக்கொடுத்தாயிற்று. பந்தலுக்குச் சொல்லியாயிற்று. சித்தப்பாவே பத்திரிகை அடித்துக்கொண்டு வந்தார், அதில் பாங்குடாவைப் பாங்காக் என்று அச்சடித்திருந்ததை யாரும் பெரிதுபடுத்தவில்லை. சித்திரை இருபத்து நாலு மத்தியானம் இரண்டு மணிக்குப் போன் போட்டாள். அணைத்து வைத்திருப்பதாக வந்தது. மூன்று மணிக்கும் அப்படியே. இருபத்தைந்தும் அப்படியே. ஊரில் இருக்கிற நிதாயின் தங்கை போனும் அப்படியே. அந்தப் பையன்களின் நம்பரும் கிடைக்கவில்லை.

"வேண்டாம்னு நேரா சொல்ல முடியாம அணைச்சு வச்சிட்டாவ போல" என்றாள் பேச்சித்தாய். மகள் முகத்தைப் பார்த்ததும், சொல்லியிருக்க வேண்டாம் என்று அவளுக்கே பட்டது. "கார்த்திகை ஒண்ணும் தூரமில்லட்டி."

"அவிய வருவாவ" என்றாள் சுகந்தி. தைரியமாகத்தான் சொன்னாள். ஆனால் அன்றைக்கு ஐந்தருவி வளைவில் தன் வாழ்நாளில் முதல்முறையாக எதிரே வந்த வேனைக் கடைசி நிமிஷத்தில்தான் பார்த்தாள். வண்டியை ஓரமாக நிறுத்தி, ஹேண்டில்பாரில் தலையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைக் கழுவிக்கொண்டு அடுத்த சவாரிக்குப் போனாள்.

அந்தப் பையன்களோடு அம்மாவுக்கும் டிக்கெட் எடுத்திருந்த ரயில் இருபத்தேழு விடியற்காலை திருநெல்வேலிக்கு வரும். இருபத்தாறு சாயங்காலம் நிதாயை அங்கே பஸ் ஏற்றிவிட்டாள். "யாருமே வரலன்னா?" என்று அவன் கேட்டான். "வரலன்னா திரும்பி வாங்க. முதல்ல போங்க" என்றாள்.

இருபத்தேழு காலையில் நிதாயிடமிருந்து போன் வந்தது.

"வந்துட்டாவ சுகந்தி. புயல்ல ஊர்லயே கரண்ட் போயி, ஒருத்தர் போன்லயும் சார்ஜ் இல்லாமப் போச்சாம். செங்கோட்டை பாசஞ்சர்ல ஏறிட்டோம்."

"என்ன சொன்னாவ?"

"ஒண்ணும் சொல்லல. ஜன்னல் வழியா வெளிய பாத்துட்டே வாறாவ."

கல்யாணப் பெண் அன்றைக்கு வாசல் தாண்டக் கூடாது என்று பேச்சித்தாய் தடுத்தாள். ஏன் என்று கேட்கக்கூட நேரமில்லை. காக்கிச் சட்டையைச் சேலைக்கு மேலே மாட்டிக்கொண்டு, "போயிட்டு வாறேம்மா" என்றபடி வண்டியை எடுத்தாள். பையில் கத்தையாகக் காலண்டர் தாள்கள். ஸ்டேஷன் வாசலில் நின்று ஒவ்வொன்றாகப் புரட்டினாள். பிரயாணம் எப்படி இருந்தது. கால் வலிக்கிறதா. உங்களைப் பார்த்ததில் ரொம்பச் சந்தோஷம். எல்லாம் மனப்பாடம்.

ரயில் வந்தது. கூட்டம் இறங்கிக் கலைந்தது. கடைசியில் நிதாய் ஒரு தகரப் பெட்டியும் துணிமூட்டையுமாக வந்தான். பின்னால் வெள்ளையில் நீலக் கரைச் சேலை கட்டி, தலையில் முக்காடிட்டு, ஒரு காலைச் சாய்த்து நடந்தபடி ஒரு சின்ன உருவம். கையில் மஞ்சள் துணியில் சுற்றிய பஞ்சாங்கம். அதைப் பெட்டிக்குள் வைக்க மனமில்லாமல் இரண்டு நாளும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

சுகந்தி முன்னால் போய் நின்றாள். வாயைத் திறந்தாள். ஒரு வார்த்தை வரவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் படித்ததெல்லாம் எங்கேயோ போய்விட்டது. கேமோன் ஆச்சேன்கூட வரவில்லை. குனிந்து காலைத் தொட்டாள். நிமிர்ந்தபோது கண் நிறைந்து எதுவும் தெரியவில்லை.

அந்த அம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். அவசரத்தில் கட்டிய சேலை, அதன் மேல் காக்கிச் சட்டை, பையிலிருந்து பிதுங்குகிற தாள்கள். ஒரு தாளை உருவித் திருப்பிப் பார்த்தாள். எழுத்து அவளுக்குப் படிக்கத் தெரியாது. ஆனால் காலண்டர் தாள் என்று தெரிந்தது. அதை நாலாக மடித்துத் தன் பஞ்சாங்கத்துக்குள் வைத்துக்கொண்டாள். மகன் நீட்டிய கையைத் தள்ளிவிட்டு, தானே கம்பியைப் பிடித்து ஆட்டோவில் ஏறிப் பின்சீட்டின் நடுவில் உட்கார்ந்தாள். சுகந்தி இன்னும் கீழேயே நின்றுகொண்டிருந்தாள்.

அம்மாள் வெளியே எட்டிப் பார்த்தாள்.

"சொலோ, மா" என்றாள்.

சுகந்தி கண்ணைத் துடைத்துக்கொண்டு வண்டியைக் கிளப்பினாள்.